நடுவில் தொய்யும் திரைக்கதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்க அமைப்பில் 120 பக்கத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். காணாமல்போன அண்ணனைத் தங்கை தேடும் கதை. தொடக்கமும் முடிவும் நன்றாக இருக்கின்றன. நடுவே அவள் ஐந்து பேரைச் சந்திக்கும் பகுதி தொய்கிறது என்கிறார்கள். காட்சிகளைக் குறைக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

குறைத்தால் தொய்வின் நீளம்தான் குறையும்.

இரண்டாவது சந்திப்பையும் நான்காவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் சிதையவில்லையென்றால், காட்சிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கவேண்டும். முதல் ஆளிடம் தகவல் கறக்க அவள் ஒரு பொய் சொல்கிறாள். அந்தப் பொய் இரண்டாம் ஆளுக்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டது. அவர் கதவைத் திறக்க மறுக்கிறார். உள்ளே போக அவள் அதைவிடப் பெரிய தப்பைச் செய்தாகவேண்டும். இனி இந்தக் காட்சிகளை இடம் மாற்றமுடியாது. ஒவ்வொரு சந்திப்பும் தகவலைக் கொடுத்துவிட்டு அவளிடமிருந்து எதையாவது பறிக்கட்டும்.

அப்படியும் ஒரே கேள்வி அறுபது பக்கம் தாங்காது. திரைக்கதை கற்பித்த அமெரிக்கர் சிட் ஃபீல்ட் மூன்று அங்கங்களுக்கும் 1979ல் சொன்ன 30, 60, 30 பக்கக் கணக்கில் நடு அங்கம்தான் பாதிக் கதை. அதனால் 60ஆம் பக்கத்தை ஒட்டிக் கேள்வியே மாறவேண்டும். அதுவரை ‘அண்ணன் எங்கே?’ அங்கே, அவன் தானாகவே ஒளிந்திருக்கிறான், இவள் தேடுவதே அவனைக் காட்டிக்கொடுக்கிறது என்று தெரியவந்தால்? தேடியவள் இப்போது தன் தடயங்களை அழிக்கவேண்டும். 85, 90ஆம் பக்கத்தில், அவள் அழிக்கத் தவறிய ஒரு தடயத்தைப் பிடித்து எதிரிகள் அவனை நெருங்குகிறார்கள். மூன்றாம் அங்கம் அங்கே தொடங்குகிறது.

முதல் அங்கத்தின் முடிவையும் பாருங்கள். தேடக் கிளம்பியவள் மறுநாளே எந்த இழப்பும் இல்லாமல் வீடு திரும்பமுடியும் என்றால் கதை இன்னும் தொடங்கவில்லை. பக்க எண் 30 என்பதால் மட்டும் அது திருப்பமாகிவிடாது. நடு அங்கம் தொய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

60ஆம் பக்கத்தை முதலில் எழுதுங்கள். பிறகு 30, அதன்பின் சந்திப்புகள். நன்றாக இருப்பதாகச் சொல்லும் முடிவைக் கடைசியில் தொடுங்கள். அநேகமாக அதுவும் மாறும்.