எலிகள் செத்தது இருக்கட்டும், ஹெப்பட்டைட்டிஸ் பி பார்த்தாயிற்றா?

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகி, வயது 52): மூட்டு முடக்குவாதத்துக்கு ரிட்டுக்சிமாப் ஊசி போடச் சொல்கிறார்கள். ஒரு வகை வெள்ளை அணுவையே அது அழித்துவிடுமாம். அப்படி அழித்த எலிகள் செத்ததாக யூடியூப்பில் பார்த்தேன். முடி கொட்டுமா? பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய மூட்டுவலி ஜாமுவும் (மூலிகை மருந்து) கீழாநெல்லியும் குடிக்கிறேன். ஊசி வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா?

பதில்: அந்த எலிகளைக் கொன்றது உங்கள் ஊசி இல்லை, அம்மா. ரிட்டுக்சிமாப், நீங்கள் சொன்ன அந்த வெள்ளை அணுவான மனித பி செல்லின் மேலிருக்கும் சிடி20 புரதத்தைப் பிடிக்கும். எலியின் சிடி20 அதற்குப் பிடிபடாது. நீங்கள் பார்த்தது டிப்தீரியா நஞ்சு வைத்துச் செய்யும் சோதனையாக இருக்கலாம். எலிக்கு அந்த நஞ்சு லேசில் ஏறாது. அதனால் நஞ்சு ஒட்டும் ஏற்பியின் மரபணுவை, அழிக்க வேண்டிய செல்லில் வேலை செய்யும்படி வைத்துவிட்டு நஞ்சைச் செலுத்துவார்கள். டென்ட்ரிடிக் செல் என்ற வேறொரு நோய் எதிர்ப்பு அணுவுக்காக உருவாக்கிய ஒரு வகை எலியில் அந்த ஏற்பி மற்ற திசுக்களிலும் தலைகாட்டியது. நஞ்சைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததும் எலி செத்துவிட்டது. அதன் எலும்பு மஜ்ஜையைச் சாதாரண எலிக்கு ஏற்றிச் செய்தால் பிழைக்கிறது. வீடியோக்காரர் இதையெல்லாம் எங்கே சொல்லப்போகிறார்!

முடி பெரும்பாலானோருக்குக் கொட்டாது; சிலருக்குக் கொட்டலாம். பி செல்கள் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் திரும்பிவிடும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம். மலேசியாவில் குழந்தைகளுக்கு, ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது; நீங்கள் அதற்கு முன் பிறந்தவர். எப்போதோ வந்து ஆறிய கிருமிகூட ஈரல் செல்லுக்குள் பதுங்கியிருக்கும். பி செல் போனதும் அது எழும்பி ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். ஆகவே ஊசிக்கு முன், கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, எப்போதாவது வந்திருந்ததா என்று காட்டும் ஆன்டி-எச்பிசி சோதனையும் வேண்டும். இரண்டில் ஒன்று பாசிட்டிவ் என்றாலும் ஊசியைக் கைவிட வேண்டியதில்லை. என்டெக்காவிர் போன்ற தடுப்பு மாத்திரை தருவார்கள். கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் அதை விடக்கூடாது. என்டெக்காவிர் என்றால் வெறும் வயிற்றில், சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரமாவது முன்பு போடுங்கள்.

ஊசி போட்டு மாதங்கள் கழித்துக்கூட சிறுநீர் தே ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்துக்குப் போனால், கண் மஞ்சளானால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "மஞ்சள் காமாலைதானே" என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்து ஒரு வாரம் பார்க்கும் பழக்கம் இங்கே நிறைய. அந்த ஒரு வாரம்தான் ஈரலைக் கெடுக்கும். 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காமல் போங்கள். டெங்கியா என்று பார்க்கும்போது ரிட்டுக்சிமாப் போட்டதைச் சொல்லி, டெங்கிக் கிருமியின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனையைக் கேளுங்கள்; உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் சோதனை, பி செல் இல்லாதபோது நெகட்டிவ் என்று ஏமாற்றக்கூடும்.

அந்த ஜாமு? இரண்டே நாளில் வலி போனதென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. சில வாரங்களுக்கு மேல் குடித்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். பாக்கெட்டை இந்த வாரமே கிளினிக்குக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எப்படிக் குறைப்பதென்று அவர்கள் சொல்வார்கள்.