‘அண்ணன் தங்கை மாதிரி இருக்கீங்களே!’: துணைவரின் முகச்சாயல் கவலைக்குரியதா?

கேள்வி: எனக்கு வயது 27. உடன் பணிபுரிபவரை இரு வீட்டார் சம்மதத்துடன் மணக்கவிருக்கிறேன். இருவரும் ஒரே சமூகம். ஆனால் சொந்தம் எதுவும் இல்லை என்கிறார்கள். நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்த அத்தை, ‘அண்ணன் தங்கை மாதிரி இருக்கீங்களே’ என்றார். என் அப்பாவும் தன் கல்யாணத்தின்போது அச்சு அசலாக இவரைப் போலத்தான் இருந்தார் என்கிறார் அம்மா. அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. அப்பாவின் சாயல் உள்ளவரைத் தேர்ந்தெடுத்தது மனநோயா? பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா?

பதில்: இது மனநோய் அல்ல. குழந்தையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை உங்கள் இருவரின் முகங்களில் இல்லை. இரு குடும்பங்களின் வம்சாவளியில்தான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

பெற்றோரின் சாயல் உள்ளவர்பால் மனம் ஈர்க்கப்படுவது குறித்து ஹங்கேரியில் நடந்த ஓர் ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளியானது. தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த பெண்களின் கணவர்களுடைய படங்களையும் அப்பெண்களை வளர்த்த தந்தையரின் படங்களையும் முன்பின் அறியாதவர்களிடம் கொடுத்து ஒப்பிடச் சொன்னபோது, இருவருக்கும் இடையில் சாயல் இருப்பதை அவர்கள் கண்டனர். வளர்த்த தந்தை அன்பாக நடந்துகொண்ட குடும்பங்களில் அந்த ஒற்றுமை கூடுதலாக இருந்தது. வளர்த்தவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இரத்த உறவே இல்லை என்பதால், இந்த ஈர்ப்புக்கு மரபணுவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அன்போடு பார்த்துப் பழகிய முகமும் காரணமாக இருக்கலாம். எனினும் இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். இரட்டையர்களின் வாழ்க்கைத் துணைகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வு ஒன்றில் இந்தக் கருத்துக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை.

உங்கள் உறுத்தலுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2010இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அறியாதவர்களின் முகப்படங்களில், பார்ப்பவரின் சொந்த முகத்தைக் கணினி மூலம் கலந்து காட்டியபோது, அந்த முகங்கள் அவருக்குக் கூடுதலாகப் பிடித்தன. ஆனால், ‘இது உங்கள் இரத்த உறவினரின் சாயல் கலந்த படம்’ என்று (அது உண்மையல்ல என்றபோதும்) சொல்லப்பட்டவர்களுக்கு அந்த ஈர்ப்பு குறைந்துவிட்டது. உங்கள் அத்தையின் ஒரு வாக்கியம் செய்த வேலையும் இதுவே. அவர் அதைச் சொல்லும் வரை உங்களுக்கு அந்த முகம் இயல்பாகத்தானே இருந்தது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழந்தைப் பருவத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள்மீது பிற்காலத்தில் பாலீர்ப்பு ஏற்படுவதில்லை என்று பின்லாந்து அறிஞர் வெஸ்டர்மார்க் 1891இல் எழுதினார். தைவானில் முன்பு, வருங்கால மருமகளைக் கைக்குழந்தையாகவே வாங்கி வந்து, மகனோடு சேர்த்து வளர்த்து மணமுடிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய தம்பதியரிடையே மணமுறிவு அதிகமாகவும் குழந்தைப்பேறு குறைவாகவும் இருந்ததை மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃப் பதிவு செய்திருக்கிறார். உடன்பிறந்தார் என்ற உணர்வை உண்டாக்குவதில் முகச்சாயலைக் காட்டிலும் ஒரே கூரையின் கீழ்க் கழிந்த குழந்தைப் பருவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. நீங்கள் இருவரும் அப்படி வளர்ந்தவர்கள் அல்லர்.

இனி, குழந்தையைப் பற்றிய கேள்வி. ஒற்றை மரபணுப் பிழையால் வரும் பல நோய்கள், தாய் தந்தை இருவரிடமும் அதே மரபணுவில் பிழை இருந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும். அவ்வாறு இருவரும் கடத்திகளாக (நோயின்றிப் பிழையுள்ள மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூக்கும் நெற்றியும் ஒத்திருப்பது அந்தப் பிழை இருவரிடமும் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. உறவுமுறையோ ஓரளவு சொல்லும். மாமன் மகளோ அத்தை மகளோ ஆனால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருக்கும். அக்காள் மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. முறைப்பெண்ணை மணந்தால் ஆபத்தில்லை, சித்தி மகள்தான் கூடாது என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அது முறை சார்ந்த வழக்கமே அன்றி, மரபணுக் கணக்கில் மாமன் மகளும் சித்தி மகளும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகள் திருமணங்களில் அது மேலும் 2 முதல் 3 விழுக்காடு வரை கூடுகிறது.

‘சொந்தம் எதுவும் இல்லை’ என்ற சொல்லை மட்டும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவினரையே மணந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும்போது, மறந்துபோன உறவுகள் பல இருக்கும். இப்படி ஒரு சமூகத்துக்குள்ளேயே பரம்பரைக் குறைபாடு தொடர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு ஒரு நொதிக் குறைபாடு பரம்பரையாக இருப்பதால், அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தினால் தசைகள் நெடுநேரம் செயலிழந்து கிடக்கும். மயக்க மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் இதை விசாரிப்பதுண்டு. வெளித்தோற்றத்தைக் கொண்டு இதை யாரும் ஊகிக்க முடியாது.

எனவே, இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, கொள்ளுப்பாட்டன் வரையிலான வம்சாவளியை ஒரு தாளில் வரையுங்கள். சிறுவயதில் இறந்தவர்கள், பிறவியிலேயே காது கேளாதவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யாரேனும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோயின் கடத்திகளா என்பதை அறிய, முழு இரத்த அணுக்கள் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பொது மூதாதையரோ, இரு குடும்பங்களிலும் ஒரே நோயோ தெரியவந்தால், அந்தத் தாளையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு, கருத்தரிப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இருவரும் கடத்திகள் என்றாலும், கர்ப்பத்தின் 11ஆவது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துக் குழந்தையின் நிலையை அறிய இன்று வழி இருக்கிறது.