படிக்க முடியாத எழுத்து

கேள்வி: திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தோம். ஒன்றில் படம் முழுக்க எழுத்து. இடையிடையே ஜாதகக் கட்டம், மீன், பாம்பு. மலையாளம் போலத் தெரிந்தாலும் உடன் வந்த மலையாளத் தோழியாலேயே அதைப் படிக்க முடியவில்லை. ‘வெறும் கிறுக்கல்’ என்கிறான் என் மகன். இதை எப்படி ரசிப்பது?
– வாசகி, தாராபுரம்

பதில்: தோழியால் படிக்க முடியாததில் வியப்பில்லை, சகோதரி. அது படிப்பதற்காக எழுதப்பட்டதே அல்ல. மலையாள எழுத்தின் சுழியும் வளைவும் அங்கே உண்டு. அவை சொல்லாகச் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

என் பாட்டியின் தகரப்பெட்டியில் குடும்பத்தார் ஜாதகங்கள் இருந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள், கட்டங்கள், கட்டத்துக்குள் ஒற்றை ஒற்றை எழுத்துகள். அப்போது எனக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. ஆனாலும் அந்தத் தாளில் என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது என்று தெரியும், தொடப் பயப்படுவேன். பல வருடங்கள் கழித்து பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றின் முன் நின்றபோது அதே பயம் வந்தது. பொருள் புரியும் முன்பே எழுத்து நம்மைத் தொட்டுவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர், 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் அதே பள்ளிக்கு முதல்வரானார். தொடக்கத்தில் அவர் வரைந்தவை தென்னையும் நீரும் நிறைந்த நிலக்காட்சிகள். அவற்றை யாரும் முதல் பார்வையிலேயே விரும்பிவிடுவார்கள். அதோடு நின்றிருந்தாலும் நல்ல ஓவியர் என்ற பெயர் நிலைத்திருக்கும். ஆனால் 1963 வாக்கில், ஐம்பது வயது தாண்டிய பிறகு, வேறு வழியில் இறங்கி, ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவங்களும் கலந்து கிடந்த பக்கம்தான் அவரைத் தூண்டியது. 1977இல் மறையும்வரை அந்த வரிசையை விடவில்லை.

இப்படிப்பட்ட அரூப ஓவியம் என்றால் தெரிந்த உருவங்களையெல்லாம் தூக்கி எறிவது என்று பலர் நினைக்கிறார்கள். பணிக்கர் எதையும் எறியவில்லை. ஏடு, ஜாதகம், சக்கரம், சோதிடக் குறிப்பு என்று நம் கண்ணில் தலைமுறைகளாகப் படிந்தவற்றை எடுத்துக்கொண்டு, பொருளை மட்டும் கழித்தார். மிச்சம் நின்றது வடிவம். இந்த ஓவியங்களைத் தாந்திரிகம், அதாவது மந்திர, யந்திர வழிபாட்டுக் குறிகளைச் சார்ந்தவை என்று வகைப்படுத்துவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகம் என்று தேடத் தொடங்கினால், கோடுகளைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

கோடுகளைத்தான் பார்க்க வேண்டும். காவலர் அனுமதிக்கும் அளவு கிட்டே போங்கள். எழுத்தாணியால் கீறியது போன்ற மெல்லிய கோடு ஒரு சுழியில் தொடங்கி, அடுத்த எழுத்தைத் தொடாமல் நின்றுவிடும். வரிக்கும் வரிக்கும் இடையே விட்ட வெற்றிடத்தையும் கவனியுங்கள். உங்கள் மகனுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது: கிறுக்கலுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். எழுத்து எழுத்தாகத் தெரியாது. பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும் நாற்று வரிசைபோல ஓர் அசைவு மட்டும் தெரியும். மீனும் பாம்பும் அப்போதுதான் அதற்குள் தம் இடத்தில் அமரும்.

சென்னைப் பக்கம் வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போங்கள். 1966இல் பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் வரைந்தார்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள், கையில் அவனுடைய கணக்கு நோட்டு இருக்கட்டும். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.