மதுரையில் கூடை பொருத்திய தடம் இல்லாமல், சாதாரணப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் விளையாட முடியுமா?

முடியும். பறக்கும் தட்டை எறிந்து, இலக்காக வைத்த கூடையில் குறைந்த எறிகளில் சேர்ப்பதுதான் இந்த விளையாட்டு. அண்ணா நகரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் நானும் என் மைத்துனரும் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் விளையாடி வருகிறோம். கூடை இல்லாதது பெரிய குறையன்று. இந்த விளையாட்டின் முன்னோடியான எட் ஹெட்ரிக் 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் தடத்தை அமைத்தபோது அங்கும் இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள்தாம். தட்டு பட்டதா படவில்லையா என்ற வாக்குவாதம் ஓயாததால்தான் சங்கிலி தொங்கும் கூடையை அவர் பிறகு உருவாக்கினார். அந்த வாக்குவாதம் எங்களுக்கும் வந்தது. பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் நாய்ச்சங்கிலிகளைத் தொங்கவிட்டு ஒரு கிளையில் மாட்டிக்கொண்டோம். மற்ற எட்டு இலக்குகளும் மரத்தின் அடித்தண்டுகளே.

விதிகள் எளியவை. தட்டு எங்கே விழுந்து நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த எறி. இலக்குக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வெற்றி பெறுகிறார்.

விளையாட்டின் உண்மையான சிக்கல் தட்டின் வளைவில் இருக்கிறது. வலக்கைக்காரர் ஒருவர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. வேகம் தணியத் தணியத் தூக்குவிசை முன்பக்கம் நகர்ந்து முன்விளிம்பை நிமிர்த்தப் பார்க்கிறது. ஆனால் பம்பரத்தைத் தட்டினால் அது தட்டிய திசையில் சாயாமல் பக்கவாட்டில் சாய்வதைப் போல, தட்டும் நிமிர்வதற்குப் பதிலாக இடப்பக்கம் சரிகிறது. எங்கள் மூன்றாம் இலக்கு இரண்டு புங்க மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ அறுபது மீட்டர் தொலைவில் உள்ளது. அதற்கு இடப்பக்கம் ஒரு கிழட்டு வேம்பு. நேராக எறிகிறோம் என்று நம்பி முதல் இரண்டு மாதங்களும் அந்த வேம்புக்கே தட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பூங்காக் காவலர் ஒருநாள், "ஏன் தம்பி, கம்பெடுத்து ஆடுமேய்க்கப் போனாக்கூட இவ்வளவு தடவை தொரட்டி கேக்க மாட்டாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே தொரட்டியை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். தட்டின் வலவிளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும்படி விட்டால் அது முதலில் வலப்பக்கம் வளைந்து, கடைசியில் நிமிர்ந்து இலக்கை நோக்கி வரும் என்பது புரிந்த பிறகே வேம்பு எங்களை விட்டது.

ஆகவே முதல் தட்டாக 'டிரைவர்' வாங்காதீர்கள். விளிம்பு கூர்மையான அந்தத் தட்டு மிகுந்த வேகத்தில் எறியப்பட்டால்தான் சொன்னபடி பறக்கும்; புதியவர் கையில் அது உடனே இடப்பக்கம் பாய்ந்து தரையைத் தட்டும். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன், அது இன்றும் பரணில்தான் கிடக்கிறது. விளிம்பு தடித்து மெதுவாகப் பறக்கும் 'பட்டர்' (putter) தட்டு ஒன்று போதும். நம் தவற்றை அது மறைக்காமல் காட்டிக்கொடுக்கும்.

ஆடி மாதத்து மேல்காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் தட்டுக்குத் தான் வேகமாகப் பறப்பதுபோன்ற நிலை ஏற்படுவதால், அது இடப்பக்கம் சரிவதற்கு மாறாக வலப்பக்கம் கவிழ்ந்துவிடுகிறது; பின்காற்றிலோ மிதக்காமல் சீக்கிரமே இறங்கிவிடுகிறது. அந்த நாள்களில் உயர எறியாமல் இடுப்பு உயரத்திலேயே தட்டைச் செலுத்துகிறோம். தொலைவு குறைந்தாலும் திசை தப்புவதில்லை.

பூங்கா நம் ஒருவருடையதன்று என்பதையும் கருத வேண்டும். ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டியான தட்டு ஒருவர் முகத்தில் பட்டால் விளையாட்டாக இராது. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கடந்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, குழந்தைகள் ஊஞ்சலுக்கு வரத் தொடங்கும் ஏழரைக்குள் சைக்கிள் ரிம்மைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.