தியாகம் செய்தும் சந்தோஷம் இல்லையா?
சகோதரி, படுத்த படுக்கையான மாமியாருக்காக வேலையை விட்டும் மனதில் சந்தோஷமே இல்லை, என் விசுவாசம் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. பைபிளில், பிலிப்பி ஊர் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசித்துப் பாருங்கள். 17-ஆம் வசனத்தில், தான் பலியின்மேல் ஊற்றப்படுவதுபோல் வார்க்கப்பட்டுப்போனாலும், அதாவது உயிரையே கொடுக்க நேர்ந்தாலும், மகிழ்வேன் என்கிறார் பவுல், அதுவும் காவலில் இருந்துகொண்டு. பிரசங்கங்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கொஞ்சம் கீழே எப்பாப்பிரோதீத்து வருகிறார்: பிலிப்பியிலிருந்து பவுலுக்குப் பணிவிடை செய்ய வந்து, நோயில் சாகக் கிடந்து, ஊர் நினைப்பில் வியாகுலப்பட்டவர். பவுல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஊருக்கே அனுப்பிவைத்து, இப்படிப்பட்டவரைக் கனமாய் எண்ணுங்கள் என்று எழுதுகிறார். நடுராத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றுகிற உங்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம். ஞாயிறு ஆராதனை நேரத்துக்காவது சபைப் பெண்களில் ஒருவர் வந்து உட்காரட்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். ராத்திரி முறையை உங்கள் வீட்டுக்காரரும் எடுக்கலாமே, அவருடைய அம்மாதானே!