மைக் மேல் பழி போடாதீர்கள்: போனும் தனியுரிமையும் பற்றிச் சில கேள்விகள்

மொபைல் செயலிகள் உருவாக்கும் வேலையில் பதினான்கு வருடம் இருந்தவன் நான். என்னிடம் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நானும் மனைவியும் மெத்தை வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இருவரும் எதையும் தேடவில்லை. அரை மணி நேரத்தில் என் போனில் மெத்தை விளம்பரம்! போன் ஒட்டுக்கேட்கிறதுதானே?

பொருள்தான் மாறுகிறது, கேள்வி ஒன்றுதான். ஒருவருக்கு மெத்தை, இன்னொருவருக்கு மிக்ஸி, வேறொருவருக்கு முடி உதிர்வு எண்ணெய்.

2018-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கை இயக்கிப் பேச்சை வெளியே அனுப்பிய செயலி ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்கியது வேறு: பயனாளர் திரையில் செய்வதை அப்படியே வீடியோவாக எடுத்து, சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனத்துக்கு அனுப்பும் செயலி. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

நாள் முழுக்க ஒலியைப் பதிவுசெய்து அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் கரைவது உங்களுக்கே தெரிந்துவிடும். மைக் ஓடும்போது திரையின் மேலே ஒரு புள்ளி எரியும். ஐபோனில் 2020-லிருந்து, ஐஓஎஸ் 14-ல், அது உண்டு. ஆண்ட்ராய்டில் 2021-ல், 12-ஆம் பதிப்பில் வந்தது. இதையெல்லாம் விட முக்கியமான காரணம், உங்கள் பேச்சு விளம்பர நிறுவனங்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான். வயது, போய்வந்த கடை, போன வாரம் எந்த விளம்பரத்தில் இரண்டு விநாடி நின்றீர்கள், ஒரே வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன தேடினார்கள் என்பதே போதும்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஒரு சாதாரண அலாரம் செயலியில் விளம்பர நிறுவனத்தின் நிரல் துண்டை நானே என் கையால் சேர்த்திருக்கிறேன். அது லொகேஷன் கேட்டது. அலாரத்துக்கு எதற்கு லொகேஷன் என்று அன்று எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. 2013-ல் ஒரு டார்ச் செயலி இதே போல லொகேஷனை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக அமெரிக்காவில் நுகர்வோர் நலன் காக்கும் எஃப்டிசி ஆணையத்திடம் மாட்டியது. கோடிக்கணக்கான பேர் இறக்கிய செயலி அது.

(அதே நண்பர்) இருவருமே தேடவில்லை என்று சொன்னேனே?

சொன்னீர்கள். ஆனால் திடீரென்று மெத்தைப் பேச்சு ஏன் வந்தது? யாருக்காவது முதுகுவலியா? அதைப் பற்றி எங்காவது தேடினீர்களா? வீட்டுக்கு வந்த விருந்தாளி உங்கள் வைஃபையில் தேடியிருக்கலாம். அல்லது விளம்பரம் முன்பே கண்ணில் பட்டு, அதனால்தான் பேச்சே வந்திருக்கலாம். அன்று பார்த்த மற்ற நூறு விளம்பரங்களில் ஒன்றாவது நினைவிருக்கிறதா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை மட்டும்தான் மனதில் நிற்கும்.

(மறுபடி அவரே) மாமியார் வந்திருந்தார். முதுகுவலி அவருக்குத்தான்.

வழக்கு முடிந்தது.

பிரவுசரின் இன்காக்னிட்டோ முறையில், அதாவது போனில் வரலாறு பதியாதபடி பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

அதே போனை எடுத்துப் பார்க்கும் உங்கள் வீட்டாருக்குத் தெரியாது. இணையச் சேவை தருபவர், அலுவலக நெட்வொர்க், நீங்கள் போகும் தளம் எல்லோருக்கும் தெரியும். இன்காக்னிட்டோவிலும் பின்தொடர்கிறது என்று கூகுள் மேல் 2020-ல் வழக்கே போட்டார்கள். சமரசத்தின் ஒரு பகுதியாகக் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் அந்த நிறுவனம் சம்மதித்தது.

புது டிவியை முதல்முறை போட்டபோது வந்த எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ அழுத்திவிட்டேன். டிவியில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது?

போனைச் சந்தேகப்படுகிறவர்கள் டிவியைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கோ டிவி மேல்தான் கோபம் அதிகம்.

பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்று ஒன்று இருக்கிறது. திரையில் ஓடும் படத்திலிருந்து சிறு சிறு மாதிரிகளை எடுத்து, ஒரு பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் பார்ப்பது எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும். டிவிக்குள் இருக்கும் செயலியில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. செட்-டாப் பாக்ஸ், டிவிடி எது வழியாக வந்தாலும் திரை திரைதானே? விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளிலிருந்து இப்படி விநாடிக்கு விநாடி சேர்த்தது என்பது எஃப்டிசியின் புகார். 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டது.

செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், ‘பார்வைத் தகவல்’ என்ற தொனியில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைக்கும், அதுவும் இனிமையான பெயராக. படத்தின் தரம் ஒரு துளிகூடக் குறையாது.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல் ஒரு நாள் காணாமல் போகுமா?

போயிருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், வாசகர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்து இரண்டு நூல்களை அவர்களைக் கேட்காமலே நீக்கியது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று பின்னால்தான் தெரிந்ததாம். பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மாணவர் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் நூலில்லாமல் அனாதையாகிவிட்டன. நீக்கப்பட்டதில் ஒன்று ஆர்வெல் எழுதிய ‘1984’, வேண்டாத எழுத்தை அரசு குழியில் போட்டு எரிக்கும் கதை. கற்பனைக்குக்கூட இப்படி வைக்கத் தோன்றாது. அமேசானை நிறுவிய பெசோஸ் மன்னிப்புக் கேட்டார்.

2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. பணத்தைக் கொடுத்தார்கள், நூல்கள் போயின.

காரணம் எளிது. ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் அங்கே கைமாறுவது நூல் அல்ல, படிக்கும் அனுமதி. அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025-லிருந்து சட்டம் வைத்திருக்கிறது. நான் ஒருமுறை படித்துவிட்டு விடுவதை மின்னூலாக வாங்குகிறேன். மறுபடி மறுபடி எடுக்கும் நூல் என்றால் காகிதம்தான். கோப்பாகவே இறக்கித் தரும் பதிப்பகங்கள் கிடைத்தால் அவர்களிடம் முதலில் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது என்கிறார்கள். அப்புறம் என்ன கவலை?

மறையாக்கம் என்பது செய்தியைப் பூட்டி அனுப்புவது, சாவி பேசுகிறவர்களிடம் மட்டுமே. 2016-லிருந்து உங்கள் செய்தியின் உள்ளடக்கம் வாட்ஸ்அப்புக்குத் தெரியாது, உண்மை. யாரோடு, எப்போது, எத்தனை முறை என்பதெல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தொடர்ந்து ஒரு மருத்துவரோடு பேசுகிறார் என்றால் என்ன பேசினார் என்று தெரியவா வேண்டும்? இன்னொன்று, பேக்கப். அதற்கும் மறையாக்கம் 2021-ல் வந்தது. ஆனால் நீங்களே போய் இயக்கினால்தான் உண்டு. இன்றே செய்யுங்கள். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்தால் திருப்பித் தர யாராலும் முடியாது, பத்திரம்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அந்த அறிவுரையைக் கைவிட்டது. மாதாமாதம் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீளமாக வையுங்கள், இடத்துக்கு இடம் வேறாக வையுங்கள், கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள்.

என் குரலிலேயே அம்மாவுக்குப் போன் வந்தது, விபத்து, பணம் அனுப்பு என்று. நல்லவேளை நான் பக்கத்து அறையில் இருந்தேன். என் குரல் எப்படிப் போனது?

நீங்கள் போட்ட ஏதோ ஒரு வீடியோ போதும். குரலை நகலெடுக்க, மைக்ரோசாஃப்ட் 2023-ல் காட்டிய செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு மூன்று விநாடிப் பதிவு போதுமானதாக இருந்தது. குரல் இனி அடையாளம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். செல்லப்பெயர் வேண்டாம், அது ஏற்கெனவே பிறந்தநாள் வாழ்த்துகளில் ஊரறிய இருக்கிறது. சொல் மறந்துபோனால் போனை வைத்துவிட்டு, தெரிந்த எண்ணுக்கு அம்மாவே கூப்பிட வேண்டும்.

மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?

ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயனாளர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்துப் பெயரில்லாத உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஒரு மாணவர் அதை உற்றுப் பார்த்தார். ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாத பாலைவனத்தில் ராணுவ முகாம்களின் வடிவம் பளிச்சென்று தெரிந்தது. ஓடிய ஒவ்வொரு வீரரும் ‘நான் ஓடுவதில் மறைக்க என்ன இருக்கிறது’ என்றுதான் நினைத்திருப்பார்.

உங்களிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குக் கொடுக்கும்போது, அதில் இருக்கும் முந்நூறு பேரையும் கேட்டுவிட்டா கொடுத்தீர்கள்?

பழைய போனை விற்கும் முன் ரீசெட் போதுமா?

கடந்த சில வருடங்களில் வந்த போன் என்றால் போதும். தரவு மறையாக்கத்தில்தான் இருக்கும், ரீசெட் அதன் சாவியை அழித்துவிடும். கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு அதைச் செய்யுங்கள். மெமரி கார்டை மறப்பவர்கள்தான் அதிகம்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

லொகேஷன் ‘பயன்படுத்தும்போது மட்டும்’. அறிவிப்புகள் பாதிக்கு மேல் அணைப்பில். டிவிக்கு இணையமே இல்லை. வழிகாட்டும் வரைபடம் மட்டும் என்னால் விட முடியவில்லை, அது என்னைத் தினமும் பின்தொடர்வது தெரிந்தே வைத்திருக்கிறேன். லேப்டாப் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். குளியலறை வரை கூடவே வரும் போனின் கேமரா மட்டும் திறந்தே கிடக்கிறது. ஏன் என்று என் மகள் கேட்டாள், பேச்சை மாற்றிவிட்டேன்.