720-ஐ 768-ஆ இழுத்தா போதுமா? நிக்காஹ் கேசட்ல எல்லாரும் ஒல்லியாத் தெரியுற கதை

கீழக்கரையிலருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். உம்மா வாப்பா நிக்காஹ் 1993ல எடுத்தது, விஹெச்எஸ் கேசட், யூஎஸ்பி கேப்சர் டிவைஸ் வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, ஃபைல் 720×576ன்னு வந்திருக்கு, ஆனா போன்ல போட்டா எல்லாரும் நீட்டமா ஒல்லியா இருக்காங்க, உம்மா பாத்துட்டு "எங்க மாமா இப்படி நோஞ்சானாவா இருந்தாரு"ன்னு கேக்குறாங்களாம். எடிட்டிங் சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன்ல பிக்சல் ரேஷியோ (ஒரு பிக்சலோட அகலம் அதோட உயரத்துக்கு எத்தனை மடங்குங்கிற கணக்கு) 1.067ன்னு காட்டுது, புதுசுல 1.094, இதுல எது சரின்னு கேள்வி.

புதுசுதான் சரி தம்பி. ஏன்னு சொல்றேன்.

கேசட்ல பிக்சல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இருக்கிறது கோடுதான். நம்ம ஊர் பழைய டிவி முறைக்கு பால் (PAL)ன்னு பேரு, அதுல படத்துக்கு 625 கோடு, அதுல படம் வர்றது 576. ஒவ்வொரு கோடும் இடமிருந்து வலமா ஏறி இறங்கி ஓடுற சிக்னல், அதை எத்தனை துண்டா நறுக்குறதுங்கிறது டிஜிட்டல் பண்றவங்க கையில. 1982ல 601ன்னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்ட் வந்துச்சு, நம்ம பாலுக்கும் அமெரிக்காக்காரன் டிவி முறையான என்டிஎஸ்சிக்கும் (NTSC) ஒரே கத்தி இருக்கட்டும்னு செகண்டுக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை, அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ்ல நறுக்கச் சொல்லிட்டாங்க. பால்ல பிக்சல் சதுரமா வரணும்னா 14.75ல நறுக்கணும். மெதுவா நறுக்கினா துண்டு அகலமா விழும்ல, 14.75ஐ 13.5ஆல வகுத்தா 1.0926, அதான் உங்க பிக்சலோட நிஜ அகலம். போன் அதைச் சதுரம்னு நெனச்சு காட்டுது, மாமா இளைச்சுட்டார்.

அப்ப 1.067 எங்கருந்து வந்துச்சு? 768ஐ 720ஆல வகுத்த கணக்கு. 4:3 படம்னா, அதாவது அகலம் 4 பங்கு உயரம் 3 பங்குன்னா, 576 உயரத்துக்கு 768 அகலம், நம்மகிட்ட 720 இருக்கு, இழுத்து ஒட்டிட்டா சரின்னு நெனச்சது. ஆனா 4:3 படம் 720 முழுக்க இல்லவே இல்ல. கோட்டுல படம் ஓடுற நேரம் 52 மைக்ரோசெகண்ட், அதை 13.5ஆல பெருக்குங்க, 702. 768ஐ இந்த 702ஆல வகுத்தா வர்றதுதான் உங்க புது வெர்ஷன் காட்டுற 1.094. மிச்சம் 18 பிக்சல் ஓரத்துல விட்ட தையல் துணி மாதிரி. உங்க ஃபைல்ல ரெண்டு ஓரமும் கறுப்பா ஒரு பட்டை தெரியுதா, அதான் அது.

செய்ய வேண்டியது இதுதான்: ஒரிஜினல் 720×576 ஃபைல அப்படியே ஹார்ட் டிஸ்க்ல வைங்க, தொடாதீங்க. சொந்தக்காரங்களுக்கு அனுப்புற காப்பியில மட்டும் ஓரத்துக்கு 8 பிக்சல் வெட்டி 704 ஆக்கி, முதல்ல டீஇன்டர்லேஸ் (ஒத்தைக் கோடு, ரெட்டைக் கோடுன்னு பிரிஞ்சு வர்ற படத்த ஒண்ணாச் சேக்குறது) பண்ணிட்டு, 768×576க்கு இழுங்க. 704ஐ 12/11ஆல பெருக்கினா சரியா 768, அந்த 12/11ங்கிறது 1.091, உங்க 1.094க்குப் பக்கத்துலதான் இருக்கு, வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. பட்டை இடது பக்கம் 12, வலது பக்கம் 4ன்னு இருந்தா அந்தக் கணக்குலயே வெட்டுங்க, வெட்டுறதால பிக்சலோட வடிவம் மாறாது, நறுக்கின வேகம்தான் அதை முடிவு பண்ணுது.

உண்மையச் சொன்னா 1.067 வச்சாலும் தப்பு ரெண்டரை சதவீதத்துக்குள்ளதான், உம்மா கண்டுபிடிக்க மாட்டாங்க. ஒண்ணுமே திருத்தாம விட்டா எட்டு ஒன்பது சதவீதம், அது உடனே தெரியும், தெரிஞ்சிருச்சே.

சந்தேகம்னா அளந்து பாருங்க. வீடியோவ நிறுத்தி வட்டமான பொருள் ஒண்ணு எடுங்க, அகலமும் உயரமும் ஒண்ணா வரணும். விருந்துல பல பேர் சேர்ந்து சாப்பிடுற பெரிய சஹன் தட்ட அளக்காதீங்க, அது தரையில கிடக்கும், கேமரா சாய்வாப் பாக்கும், வட்டமே நீள்வட்டமாத்தான் வரும். நேரா எடுத்த சுவர்க்கடிகாரம், பக்கவாட்டுல நிக்கிற கார் சக்கரம், இதுதான் ஆகும்.

ஃபைல் 720×480ன்னு வந்திருந்தா கதையே வேற, டிவைஸ் என்டிஎஸ்சில இருக்கு, பாலுக்கு மாத்தி திரும்ப ஏத்துங்க. துபாய்லருந்து வந்த கேசட்டும் பால்தான், ஆன்டெனாவ கடல் பக்கம் திருப்பி இலங்கை டிவி ரூபவாஹினிலருந்து பதிஞ்சதும் பால்தான், அமெரிக்காலருந்து வந்தா கவனம், அது என்டிஎஸ்சி. திரும்ப ஓட்டுறதுக்கு முன்னாடி கேசட் மூடியத் தூக்கி டேப்ப பாருங்க, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கும், அதோட ஓட்டினா கேசட் ஓட்டுற விசிஆரோட ஹெட்டும் போயிரும்.

பெரிய டிவில போடும்போது ரிமோட்ல ஃபுல்லு வைடுன்னு எதையும் தட்டாதீங்க, 4:3லயே விடுங்க. ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா இருக்கட்டும், இல்லன்னா இப்ப இளைச்ச மாமா அப்புறம் உப்பிப் போயிருவார்.